பனிப்புயலில் எண்ணெய் வண்டி: நேர வரம்புத் தளர்வு எதுவரை செல்லும்?

கேள்வி: நியூ ஜெர்சியில் வீடுகளுக்கு ஹீட்டிங் ஆயில் கொண்டுபோகும் டேங்கர் ஓட்டுகிறேன். ஜனவரிப் பனிப்புயலுக்கு முந்தைய நாளே நியூயார்க் கவர்னர் அவசரநிலை அறிவித்துவிட்டார். "இந்த வாரம் எண்ணெய் வண்டிக்கு நேரக் கணக்கே கிடையாது" என்றார் எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் டிஸ்பாட்சர். காலை 5 மணிக்கு வேலைக்கு வந்து, நியூவர்க்கில் 2,200 காலன் ஹீட்டிங் ஆயிலும், டேங்கரின் பின் அறையில் 600 காலன் டீசலும் ஏற்றினேன். நியூயார்க் மாநிலத்தில் கடைசி வீட்டை முடித்தபோது இரவு 8.40. பிறகு ஒரு கட்டுமான கம்பெனி யார்டில் வழக்கமான டீசலை இறக்கிவிட்டுத் திரும்பும்போது 10 மணிக்குச் சோதனையில் நிறுத்தினார்கள். 14 மணி நேர மீறல் என்று எழுதி, 10 மணி நேரம் வண்டியைத் தொடக்கூடாது என்றார்கள். மறுநாள், களைப்பாக இருக்கிறது, ஓட்ட முடியாது என்றேன். அதிலிருந்து எனக்கு ஷிப்ட் குறைந்துவிட்டது. இந்த மீறல் நிற்குமா? நான் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் டிஸ்பாட்சர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதிதான் உங்களை மாட்டிவிட்டது. தளர்வு புயலுக்கோ எண்ணெய் வண்டிக்கோ கிடைப்பதில்லை. வண்டியில் இருக்கும் சரக்கு எங்கே, எதற்காகப் போகிறது என்பதற்குத்தான் கிடைக்கிறது.

வழக்கமான வரம்பு உங்களுக்குத் தெரியும். 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு 11 மணி நேரம் ஓட்டலாம். வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரம் கடந்தபின் ஓட்டக்கூடாது. வீடு வீடாக ஹோஸ் இழுப்பவர்களுக்கு 11 மணி நேரம் பெரும்பாலும் முட்டாது. லோடிங் வரிசையும் பம்ப் செய்யும் நேரமும் சேர்ந்து 14 மணி நேரத்தைத்தான் தின்னும். உங்கள் 14 மணி நேரம் இரவு 7 மணிக்கு முடிந்தது.

கவர்னர் அவசரநிலை அறிவித்தால், கூட்டாட்சி விதி 390.23-இன்படி தளர்வு தானாகவே வருகிறது. அறிவிப்பில் ஓட்டுநர் நேரத்தைப் பற்றித் தனியாக எழுதியிருக்க வேண்டியதில்லை. எரிபொருள் போன்ற அத்தியாவசியப் பொருள் கிடைப்பதைப் பனிப்புயல் தடுத்தால் அது அந்த விதி சொல்லும் அவசரநிலைதான். வானிலை மையத்தின் எச்சரிக்கை மட்டும் இருந்தால் இது பொருந்தாது. நீங்கள் ஏற்றியது நியூ ஜெர்சியில் என்பதும் தடையில்லை. அவசரநிலை உள்ள மாநிலத்துக்கு நிவாரணச் சரக்கு போகும் வழி முழுவதும் தளர்வு கூடவே வரும்.

ஆனால் 2023 டிசம்பர் 12 முதல் இந்தத் தளர்வு சுருங்கிவிட்டது. பழைய டிஸ்பாட்சர்கள் பலர் இன்னும் அதற்கு முந்தைய விதியையே மனப்பாடமாகச் சொல்கிறார்கள். முன்பு கவர்னர் அறிவித்தாலே 390 முதல் 399 வரையிலான பகுதிகள் எல்லாம் 30 நாள் விலகி நின்றன. இப்போது அந்த அகலம் ஜனாதிபதி அறிவிப்புக்கு மட்டும்தான். கவர்னர் அறிவிப்புக்கு அதிகபட்சம் 14 நாள். சரக்கு வண்டிகளுக்கு விலகுவது 395.3 என்ற நேர வரம்பு விதி மட்டும். லாக் (வேலை நேரப் பதிவு) எழுத வேண்டும். களைத்தவர் ஓட்டக்கூடாது என்ற 392.3 அப்படியே நிற்கிறது. சிடிஎல் (வணிக வாகன ஓட்டுநர் உரிமம்), போதைப்பொருள் சோதனை, அபாயப் பொருள் விதிகள், எடை வரம்பு, காப்பீடு ஆகியவை எந்த அறிவிப்பிலும் தானாகத் தளர்வதில்லை. புயலில் நெடுஞ்சாலைகளில் வணிக வாகனங்களுக்குத் தடை போட்டால், நேரத் தளர்வைக் காட்டி அதைத் தாண்ட முடியாது.

வீட்டு எரிபொருளுக்கு ஒரு தனி வழி உண்டு. 2014 குளிர்காலப் புரொப்பேன் தட்டுப்பாட்டுக்குப் பிறகு வந்த சட்டப்படி, வீட்டு ஹீட்டிங் எரிபொருள் தட்டுப்பாடு என்று கவர்னர் அறிவித்தால் 30 நாளும், நீட்டித்தால் மேலும் இரண்டு 30 நாளும் தளர்வு செல்லும். அறிவிப்பு வெறும் பனிப்புயலைப் பற்றியது என்றால் 14 நாள்தான். அதனால் அறிவிப்பின் முதல் பக்கத்தையாவது படியுங்கள்.

உங்கள் நாளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். 8.40 வரை நீங்கள் செய்தது, எண்ணெய் தீரும் வீடுகளுக்கு எரிபொருள் சேர்ப்பது. அதைத் தளர்வுக்குத் தேவையான நேரடி உதவி என்று வாதாடலாம். வண்டியில் டீசலும் இருந்ததே என்று கேட்பார்கள். சலுகைக்காக நிவாரணச் சரக்கைப் பெயருக்குக் கொஞ்சம் ஏற்றிக்கொள்வதுதான் ஏற்கப்படாத தந்திரம். உங்கள் லோடில் பெரும்பங்கு வீட்டு எண்ணெய். சிக்கல் 8.40-க்குப் பிறகுதான். ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கோ பனி அள்ளும் வண்டிகளுக்கோ டீசல் போயிருந்தால் கதை வேறு. கட்டுமான யார்டுக்கு வழக்கமான சப்ளை நேரடி உதவி ஆகாது. நிவாரணம் அல்லாத சரக்கோடு கிளம்பிய அந்த நிமிடமே உங்கள் தளர்வு முடிந்துவிட்டது. வீடுகளை முடித்துக் காலி வண்டியாக நேராக டெர்மினலுக்குத் திரும்பியிருந்தால், 10 மணிக்கு மறித்தபோதும் விதி உங்கள் பக்கம் இருந்திருக்கும்.

மோசமான சாலை நிலைக்குக் கிடைக்கும் கூடுதல் 2 மணி நேரத்தைக் கேட்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அது கிளம்பும்போது தெரியாத, தெரிந்திருக்க வாய்ப்பில்லாத நிலைமைக்கு மட்டும். முந்தைய நாளே அறிவித்த புயலுக்குக் கேட்டால் சிரிப்பார்கள். வாடிக்கையாளர் டேங்க் காலி என்று கூப்பிட்டால் அவசரம்தான் என்பதும் தவறு. வாயு நாற்றம், கார்பன் மோனாக்சைடு அலாரம் போன்றவற்றுக்கான தனி விலக்கு புரொப்பேன் வண்டிகளுக்கு உரியது. அதிலும்கூட காலி டேங்கை நிரப்பும் கோரிக்கை அவசரத்தில் சேராது என்று விதியே சொல்கிறது.

ஆகவே மீறலை முழுதாக நீக்க முடியும் என்று நம்பிக்கை தர மாட்டேன். ஆனால் 7 மணியிலிருந்து 8.40 வரையிலான நேரத்தையும் மீறலாக எண்ணியிருந்தால் சோதனைப் பதிவைத் திருத்தக் கேட்கும் டேட்டாக்யூஸ் தளத்தில் மறுப்புத் தாக்கல் செய்யுங்கள். அறிவிப்பின் நகல், லோடிங் பில், அன்றைய லாக் மூன்றும் இணையுங்கள். எல்லாவற்றையும்விட வலுவானது வண்டி மீட்டர் அச்சடித்த டெலிவரி டிக்கெட். நேரமும் காலனும் அதிலேயே இருக்கிறது. தனியாக அபராதச் சீட்டு கொடுத்திருந்தால் அதை நீதிமன்றத்தில்தான் சந்திக்க வேண்டும். டேட்டாக்யூஸ் அதை ரத்து செய்யாது. சோதனைப் பதிவு வேலை தருபவர்கள் பார்க்கும் உங்கள் பிஎஸ்பி அறிக்கையில் 3 ஆண்டு தெரியும்.

லாக் பற்றி ஒன்று. வேலைத் தளத்திலிருந்து 150 ஏர் மைலுக்குள் ஓட்டுபவர்களுக்கு முழு லாக் வேண்டாம் என்ற குறுந்தூர விலக்கில், நீங்கள் வெறும் டைம் கார்டு வைத்திருப்பவராக இருக்கலாம். அந்த விலக்கின் 14 மணி நேர நிபந்தனை 395.1-இல் இருக்கிறது, கவர்னர் அறிவிப்பு அதைத் தொடவில்லை. எனவே 14 தாண்டும் நாளில் முழு லாக் எழுதுங்கள். 30 நாளில் 8 நாளுக்கு மேல் லாக் தேவைப்படாதவரை காகித லாக் போதும். எலக்ட்ரானிக் லாக் என்றால் அணைக்காதீர்கள். வழக்கம்போல் ஓடவிட்டு, எந்த மாநில அறிவிப்பு, என்ன சரக்கு, எந்த ஊருக்கு என்று குறிப்பு எழுதுங்கள்.

அந்த 10 மணி நேரத் தடையில் யார் போன் செய்தாலும் வண்டியை நகர்த்தவில்லைதானே? நேர மீறலால் சிடிஎல் போகாது. தடை உத்தரவை மீறித் தண்டனை பெற்றால், அபாயப் பொருள் பலகை வைத்த வண்டிக்கு முதல் முறையே 180 நாள் முதல் 2 ஆண்டு வரை சிடிஎல் போகும்.

இனி ஷிப்ட் விஷயம். களைப்பில் ஓட்ட மறுத்தது உங்கள் உரிமை. அதற்காக வேலை நேரத்தைக் குறைப்பதும் பழிவாங்கலே. 49 யுஎஸ்சி 31105 என்ற கூட்டாட்சிச் சட்டப் பிரிவின்படி தொழிலாளர் துறையின் பணியிடப் பாதுகாப்புப் பிரிவான ஓஷாவில் 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். விதியை மீறி ஓட்டச் சொல்லி மிரட்டியிருந்தால், கட்டாயப்படுத்தல் புகாரை லாரிப் பாதுகாப்புக்கான கூட்டாட்சி அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏவிடம் 90 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இரண்டிலும் முதலில் கேட்கப்படுவது, களைப்புதான் காரணம் என்று அன்றைக்கே சொன்னீர்களா என்பது. போனில் மட்டும் சொல்லியிருந்தால் அழைப்புப் பதிவை எடுத்து வையுங்கள். புயலுக்கு முன்னும் பின்னுமான ஷிப்ட் பட்டியல்களை இன்றே படம் எடுத்துவிடுங்கள். கெடு ஜனவரியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.