நிரூபணம் வரட்டும் என்கிறீர்களா?

கேள்வி: புகை, கழிவு, ரசாயனம் என்று எதற்கெடுத்தாலும் சுற்றுச்சூழல் ஆபத்து என்று கூச்சல் போடுகிறார்கள். ஆபத்து என்பதை அறிவியல் நிரூபிக்கட்டும், அப்புறம் ஆலையை மூடலாம். அதற்குள் நாலு பேர் வேலையைக் கெடுப்பானேன்?

பதில்: நிரூபணம் வந்துவிட்டால் நிறுத்திவிடுவார்கள் என்று நம்புகிறீர்களே, அந்த வெள்ளை மனசுக்கு ஒரு கும்பிடு.

ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊர். அங்கே சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. விஷம் மீனில் சேர்ந்தது. மீன் தின்ற பூனைகள் முதலில் தள்ளாடி விழுந்தன. அடுத்து மனிதர்களுக்குக் கை கால் நடுங்கியது, பேச்சு குழறியது, பார்வை குறுகியது. கருவிலிருந்த குழந்தைகள்கூடத் தப்பவில்லை. 1956-ல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. 1959-ல் அந்த ஆலையின் சொந்த மருத்துவமனை டாக்டர் ஹொசொகாவா, கழிவுநீரை இரையில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 400-ஆம் எண் பூனை. அதற்கும் அதே வலிப்பு.

நீங்கள் கேட்கிற நிரூபணம் இதுதானே? நிர்வாகம் அதை அமுக்கிவிட்டது. அந்த டிசம்பரில் தடபுடலாக ஒரு சுத்திகரிப்பு எந்திரத்தைத் திறந்துவைத்து, அதில் சுத்தமான நீர் என்று சொல்லி ஆலைத் தலைவர் ஒரு டம்ளர் குடித்தும் காட்டினார். பாதரசக் கழிவு அந்த எந்திரத்தின் பக்கமே போகவில்லை என்பது வேறு கதை. அதே மாதம் பாதிக்கப்பட்டவர்களிடம் 'அனுதாபப் பணம்' என்று கொஞ்சம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். ஆலைதான் காரணம் என்று நாளை தெரியவந்தாலும் மேற்கொண்டு இழப்பீடு கேட்கக் கூடாதாம். காரணம் தெரியாதவன் இப்படியா எழுதுவான்?

வேலை பற்றிய உங்கள் பயம் அங்கேயும் இருந்தது. ஆலையை நம்பிப் பிழைத்த ஊர், ஆலையைக் கேள்வி கேட்ட மீனவர்களைத்தான் ஒதுக்கிவைத்தது.

முழு நிரூபணத்துக்குக் காத்திராமலும் காரியம் நடக்கும். ஓசோன் ஓட்டைக்கு எது காரணம் என்று விஞ்ஞானிகள் வாதாடிக்கொண்டிருந்தபோதே, குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட சி.எஃப்.சி. வாயுக்களைக் குறைக்க 1987-ல் மான்ட்ரியலில் நாடுகள் ஒப்பந்தம் போட்டன. குளிர்பதனப் பெட்டித் தொழில் ஒன்றும் படுத்துவிடவில்லை. வேறு வாயுவுக்கு மாறிக்கொண்டது.

மினமாட்டாவில் 1968 மே மாதம்தான் பாதரசக் கழிவு நின்றது. பூனையாலும் இல்லை, நோயாளிகளாலும் இல்லை; பாதரசத்தைப் பயன்படுத்திய அந்த ஆலையின் தயாரிப்பு முறை பழசாகிவிட்டது, அவ்வளவுதான். ஆலைதான் காரணம் என்று அரசு அறிவித்தது அதற்கு 4 மாதம் கழித்து.