பதில்: 1,300 கலோரிதான் என்றால் எடை எப்படிக் கூடியது?

உடல் பருமன் உள்ள பெண்களிடம் கேள்வித்தாள் கொடுத்ததில் நாளுக்குச் சராசரி 1,300 கலோரிதான் வருகிறது, கணக்கில் எங்கே தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பு உங்கள் கூட்டலில் இருக்காது. வாய்மொழியை நம்பும் எல்லா உணவு ஆய்வுகளிலும் வரும் சிக்கல் இது.

1992-இல் வெளியான நியூயார்க் ஆய்வைத் தேடிப் படியுங்கள். 1,200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்ற 10 பேருக்கு, கன ஹைட்ரஜனும் கன ஆக்சிஜனும் கொண்ட நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். அவை உடலை விட்டு வெளியேறும் வேகத்திலிருந்து ஆற்றல் செலவைக் கணக்கிட்டார்கள். அந்தப் பத்துப் பேரும் சராசரியாக, சாப்பிட்டதை 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். வளர்சிதை மாற்றத்தில் கோளாறே இல்லை. வேண்டுமென்றே பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தாளிக்க ஊற்றிய எண்ணெயை உங்கள் வீட்டில் யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்?

சரி, இப்போது செய்ய வேண்டியது. சொன்ன கலோரியை ஒவ்வொருவரின் அடிப்படை வளர்சிதை ஆற்றலால் (முழு ஓய்வில் இருக்கும்போதும் உடல் ஒரு நாளைக்குச் செலவழிக்கும் கலோரி) வகுங்கள். 1.35-க்குக் கீழே வந்தால், அது வழக்கமான உணவாக இருக்க வாய்ப்பில்லை என்பது 1991-இல் கோல்ட்பர்க் என்ற ஆய்வாளரின் குழு வைத்த எல்லை. டயட்டில் இருப்பவர்கள் உண்மையிலேயே குறைவாகச் சாப்பிடலாம்; அவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் குறைத்துச் சொன்னவர்களைத் தூக்கிவிடாதீர்கள். பருமன் கூடக் கூடக் குறைத்துச் சொல்வதும் கூடுகிறது; நீக்கினால் மாதிரியே கோணலாகிவிடும். அவர்களைச் சேர்த்து ஒருமுறை, விட்டு ஒருமுறை கணக்கிட்டு இரண்டையும் காட்டுங்கள். அப்புறம், மறுபடி அந்த வீடுகளுக்குப் போக முடிந்தால், மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை பேருக்கு என்று மட்டுமாவது கேட்டுவிடுங்கள்.