கேளுங்கள், சொல்கிறோம்: 808 ஸ்டேட் வானொலி கேசட்

கேள்வி: சித்தப்பா 90களின் தொடக்கத்தில் மான்செஸ்டரில் இருந்தபோது, 808 ஸ்டேட் என்ற எலக்ட்ரானிக் இசைக்குழுவினர் நடத்திய வானொலி நிகழ்ச்சியைப் பதிந்து வைத்த கேசட் கிடைத்திருக்கிறது. ஆல்பங்கள்தான் கிடைக்கின்றனவே, இதற்காக மெனக்கெட வேண்டுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கட்டாயம் மெனக்கெடுங்கள். 808 ஸ்டேட் என்றதும் பலருக்கு நினைவு வருவது ‘பசிபிக் ஸ்டேட்’ ஒன்றுதான். 1989இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 10ஆம் இடம் வரை போனது. அதில் சாக்ஸபோன் வாசித்தவர் கிரகாம் மாஸி. அந்த ஒரு பாட்டின் வெளிச்சத்தில் மற்றதெல்லாம் மங்கிப்போனது அநியாயம். 1988இல் வந்த அவர்களின் ‘நியூபில்ட்’ ஆல்பத்தை, 11 ஆண்டு கழித்து எலக்ட்ரானிக் இசைக்கலைஞர் ஏபெக்ஸ் ட்வின்னின் ரெஃப்லெக்ஸ் நிறுவனம் தேடிப்பிடித்து மறுபடி வெளியிட்டது என்றால் அதன் மதிப்பு புரியும்.

மான்செஸ்டரின் ‘சன்செட் 102’ வானொலியில் வந்த நிகழ்ச்சி, குழுவின் டிஜேக்களான ஆண்டி பார்க்கர், டேரன் பார்ட்டிங்டன் இருவரின் காதையும் கையையும் காட்டுவது. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்ட்டின் பிரைஸ் ‘ஈஸ்டர்ன் பிளாக்’ ரெக்கார்டு கடை நடத்தியவர். புதிய ரெக்கார்டுகளோடு இவ்வளவு நெருங்கிப் புழங்கியவர்கள் எதன் மேல் எதை இழைத்தார்கள் என்பதை ஆல்பம் சொல்லாது, கேசட்தான் சொல்லும்.

கேள்வி: கேசட் ஓடுகிறது, ஆனால் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கிறது. டேப் கெட்டுவிட்டதா? (வாசகி, மதுரை)

பதில்: பெரும்பாலும் டேப் கெட்டிருக்காது. முதலில் ஹெட்டையும் (டேப்பைப் படிக்கும் பாகம்) கேப்ஸ்டனையும் (டேப்பை இழுக்கும் உலோகத் தண்டு) 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். டேப்பை அந்தத் தண்டோடு அழுத்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலருக்கு மட்டும் சோப்புத் தண்ணீரே போதும். ஆல்கஹால் அடிக்கடி பட்டால் ரப்பர் காய்ந்துவிடும். டேப்பின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் நல்ல டெக்கில் போடவே வேண்டாம், ஹெட்டுக்கும் அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

அதற்குப் பிறகும் மங்கலாக இருந்தால் காரணம் அசிமத், அதாவது டேப்புக்கு ஹெட் நிற்கும் கோணம்தான். பதிந்த டெக்கின் ஹெட் நின்ற கோணமும் உங்கள் டெக்கின் கோணமும் இம்மியளவு வேறுபட்டாலே ஹை-ஹாட் (டிரம்ஸின் மெல்லிய தாள ஒலி) காணாமல் போய்விடும். டெக்கின் இரைச்சல் குறைக்கும் வசதியான டால்பியை அணைத்துவிட்டு, ஒலியை மோனோவாக்கி ஹெட்போனில் கேளுங்கள். ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் ஸ்க்ரூவை, காந்தம் ஏறாத ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருப்புங்கள். கால் சுற்றுக்குள்ளேயே ட்ரெபிள் பளிச்சென்று எழும் இடம் ஒன்று வரும். திருப்புவதற்கு முன் ஸ்க்ரூ நின்ற நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற கேசட்டுகளுக்குத் திரும்ப வைக்க வேண்டும். பி பக்கத்துக்கு இதே வேலையைத் தனியாகச் செய்ய வேண்டும்.

டால்பி பி-யில் பதிந்த டேப்பாக இருந்தால், அசிமத் சரியான பிறகுதான் டால்பியைப் போட வேண்டும். ட்ரெபிள் ஏற்கெனவே குறைந்து வந்தால், டால்பி அதை இரைச்சல் என்று எண்ணி இன்னும் அமுக்கிவிடும். ‘டால்பி போட்டால் மங்குகிறது’ என்று பலர் அணைத்தே வைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

கேள்வி: கணினியில் ஏற்றும்போது என்ன அளவில் பதிய வேண்டும்? வேகம் சரிதானா என்று எப்படித் தெரியும்? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். எஃப்.எம். ஒலிபரப்பே 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. 96இல் பதிவது வெறும் இடச்செலவு. 45 நிமிடப் பக்கம் ஒன்றுக்கு வேவ் கோப்பு 780 எம்.பி. அளவு வரும். லைன் அவுட்டிலிருந்து லைன் இன்னுக்கு எடுங்கள், உச்சம் -6 டெசிபலைத் தாண்ட விடாதீர்கள்.

வேகத்தைப் பாட்டின் சுருதியை வைத்துக் கணிக்க முடியாது, ஏனென்றால் டிஜே டர்ன்டேபிளின் வேகத்தையே 8 சதவீதம் வரை ஏற்றி இறக்கியிருப்பார். வானொலிப் பதிவில் வேறு வழி உண்டு. ஸ்டீரியோ எஃப்.எம்.மில் 19,000 ஹெர்ட்ஸ் பைலட் ஒலி எப்போதும் கூடவே வரும். பதிந்த டெக்கின் எம்பிஎக்ஸ் ஃபில்டர் அதை முழுதும் வெட்டாமல் விட்டிருந்தால், ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளின் ஸ்பெக்ட்ரோகிராமில் (அதிர்வெண்களைக் காட்டும் படம்) மெல்லிய கோடாகத் தெரியும். கோடு 19,380இல் இருந்தால் 2 சதவீதம் வேகமாக ஓடுகிறது, வேகத்தை 1.96 சதவீதம் குறையுங்கள். கோடு ஏறி இறங்கி அலைந்தால் உங்கள் டெக்கின் பெல்ட்டைத்தான் முதலில் பாருங்கள்.

இரைச்சல் நீக்கியை 6 டெசிபலுக்கு மேல் போட வேண்டாம். இரைச்சலோடு ஹை-ஹாட்டின் வாலும் போய்விடும். எதுவும் தொடாத மூலப்பதிவைத் தனியாக வைத்திருங்கள்.

கேள்வி: பாட்டுவாரியாக வெட்டலாமா? பெயர் கண்டுபிடிக்கும் செயலி எதையும் சொல்ல மாட்டேன் என்கிறது. (வாசகி, சென்னை)

பதில்: வெட்டாதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு ஃபிளாக் கோப்பு (தரம் குறையாமல் சுருக்கும் ஒலி வடிவம்), கூடவே ஒவ்வொரு பாட்டும் தொடங்கும் நேரம் குறித்த ஒரு கியூ கோப்பு போதும். செயலி திணறுவது வேகம் மாறியிருப்பதால். இரண்டு ரெக்கார்டுகள் கலக்காத நடுப்பகுதியில் 30 விநாடி எடுத்து, வேகத்தை 2, 4, 6 சதவீதம் எனக் குறைத்தும் கூட்டியும் கொடுத்துப் பாருங்கள்.