கூடலூரில் இருந்துகொண்டு சட்டம் படிக்கிறேன்: விடுமுறைப் பயிற்சி, படிப்பு, வேலை எல்லாவற்றையும் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியின் சுருக்கம்: ஊர் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர் பக்கம். கோவையில் ஐந்தாண்டு சட்டப் படிப்பு, இப்போது மூன்றாம் ஆண்டு. பள்ளி முழுக்கத் தமிழ்வழி, அதனால் ஆங்கிலம் பற்றிக் கவலை. வீட்டில் யாரும் வக்கீல் இல்லை. சென்னை நிறுவனங்களுக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு மெயில் போட்டால் பதிலே வருவதில்லை. மலையில் இருந்தபடி உருப்படியாக என்ன செய்யலாம், முடித்த பிறகு என்ன வழி?

பதில்:

சென்னைக்கு மெயில் போடுவதை ஓராண்டுக்குத் தள்ளி வையுங்கள். மூன்றாம் ஆண்டில் உங்களுக்கு வேண்டியது பெரிய பெயர் போட்ட சான்றிதழ் அல்ல, ஒரு வழக்கு எப்படி நகர்கிறது என்பதை முழுசாகப் பார்ப்பது. அதற்குக் கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரி நீதிமன்றங்களும் ஊட்டி மாவட்ட நீதிமன்றமும் தாராளம். பெரிய அலுவலகத்தில் மூன்றாம் ஆண்டு மாணவிக்குப் பெரும்பாலும் கிடைப்பது தீர்ப்புகளைத் தேடித் தொகுக்கும் வேலை. சிறிய நீதிமன்றத்தில் வழக்குரை (வாதி வழக்குத் தொடுக்கும் மனு) எழுதுவதில் தொடங்கி நகல் மனு போடுவது வரை எல்லாம் கண்ணெதிரே நடக்கும்.

முதலில் விதி. இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் பயிற்சி வேண்டும். எந்த ஆண்டிலும் ஒரே மூச்சில் 4 வாரத்துக்கு மேல் கூடாது. விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடமும் மேல்முறையீட்டு வழக்கறிஞரிடமும் ஒரு முறையாவது இருந்திருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். முதல் இரண்டு ஆண்டைச் சும்மா விட்டுவிட்டு, மீதி மூன்று ஆண்டில் ஆண்டுக்கு ஒரு தடவை என்று போனால் 12 வாரம்தான் தேறும். அதனால் இனி ஆண்டுக்கு இரண்டு தவணையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிரித்துச் செய்வதைக் கல்லூரி எப்படிக் கணக்கில் எடுக்கும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது. மேல்முறையீட்டுக்காகச் சென்னை போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. கீழ் நீதிமன்றத் தீர்ப்பின் மீதான முதல் மேல்முறையீடுகள் ஊட்டியிலேயே நடக்கின்றன, இரண்டையும் நடத்தும் சீனியர்கள் அங்கே உண்டு.

அடுத்த பொறி மே மாதம். கல்லூரி விடுமுறை என்று மே முதல் தேதி வக்கீல் அலுவலகத்துக்குப் போய் நின்றால், சிவில் நீதிமன்றங்களுக்கும் கோடை விடுமுறை. சிவில் வழக்குக் குறிப்பேடு காலியாகவே இருக்கும். மே மாதத்தை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் ஒதுக்குங்கள். சிவில் விசாரணையைப் பருவ இடைவெளியில் பாருங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை மழையில் பாதை எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது. அந்த மாதங்களில் ஊட்டிக்குத் தினமும் 50 கிலோமீட்டர் போய்வரும் திட்டம் வேண்டாம்.

சீனியரை எப்படித் தேர்ந்தெடுப்பது? தெரிந்தவர் தெரிந்தவர் என்று போகாமல் இ-கோர்ட்ஸ் செயலியைத் திறங்கள். வழக்கறிஞர் பெயரைப் போட்டுத் தேடினால் அவர் நடத்தும் நிலுவை வழக்குகள் வரும். சிவில், கிரிமினல் இரண்டும் கலந்து, விசாரணை நிலையில் வழக்குகள் வைத்திருப்பவர் யார் என்று பாருங்கள். எல்லாமே ‘ஆஜருக்கு’, ‘எதிர் வழக்குரைக்கு’ என்ற நிலையில் கிடந்தால் நான்கு வாரத்தில் வாய்தாவைத் தவிர வேறொன்றும் பார்க்க முடியாது. காலை பத்து மணிக்குப் போய்க் கேட்காதீர்கள், அது யாருக்கும் தலை நிமிர நேரமில்லாத வேளை. மாலை ஐந்துக்கு மேல், கல்லூரிக் கடிதத்தோடு போங்கள். குமாஸ்தாவிடம் மரியாதையாக இருங்கள். நீதிமன்றக் கட்டணம், படிவம், எந்த மனு எந்த மேசைக்குப் போகும் என்பதெல்லாம் பாடப் புத்தகத்தை விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

உடை வெள்ளை, கறுப்பு. கழுத்துப் பட்டையும் கவுனும் கிடையாது, அவை பதிவு செய்த வழக்கறிஞருக்கு மட்டும்.

இப்போது மதிப்பெண் இருக்கும் இடத்துக்கு வருவோம். பார் கவுன்சில் விதியில் மாதிரி நீதிமன்றமும் (மாணவர்கள் கற்பனை வழக்கில் வாதாடும் மூட் கோர்ட்) பயிற்சியும் சேர்ந்த செய்முறைத் தாள் 100 மதிப்பெண். மூன்று மாதிரி நீதிமன்றத்துக்கு 30, ஒரு சிவில் வழக்கும் ஒரு கிரிமினல் வழக்கும் நேரில் பார்த்து எழுதுவதற்கு 30, கட்சிக்காரரிடம் வக்கீல் பேசும் இரண்டு அமர்வுகளுக்கு 15, ஆவணம் தயாரித்துத் தாக்கல் செய்வதைக் கவனித்து எழுதுவதற்கு 15, வாய்மொழித் தேர்வுக்கு 10. ஆக, 60 மதிப்பெண் நீங்கள் ஊரில் எழுதும் குறிப்பேட்டில் இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் எழுதுவது: ‘சாட்சி விசாரிக்கப்பட்டார். வழக்கு தள்ளி வைக்கப்பட்டது.’ இதற்கு யார் மதிப்பெண் போடுவார்?

சிவில் விசாரணையைப் பார்க்கப் போகும் மாணவருக்குப் புரியாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 18, விதி 4-இன்படி முதல் விசாரணை (சாட்சியைத் தன் தரப்பு வக்கீல் விசாரிப்பது) வாய்மொழியாக நடப்பதில்லை, பிரமாண வாக்குமூலமாகத் தாக்கலாகிவிடும். சாட்சி கூண்டில் ஏறியதும் ஆவணங்களுக்கு எண் போடுவார்கள், உடனே குறுக்கு விசாரணை. கதையின் முதல் பாதி தெரியாமல் இரண்டாம் பாதிக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். அதனால் முந்தின நாள் மாலையே வழக்குக் கட்டைக் கேட்டு வாங்கி வழக்குரை, எதிர் வழக்குரை, எழுவினாக்கள் (நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்), முதல் விசாரணை வாக்குமூலம் என்ற வரிசையில் படியுங்கள். ஒரு மணி நேரம் போதும்.

மறுநாள் கவனிக்க வேண்டியது, நீதிபதி பதிவு செய்யும் தமிழ். வக்கீல் கேள்வியாகக் கேட்டாலும் பதிவில் கேள்வி இருக்காது. மாதிரிக்கு ஒரு தேயிலை நில வழக்கை எடுத்துக்கொள்வோம். தாவா சொத்து, அதாவது வழக்கில் உள்ள நிலம், 40 சென்ட். கோருவது நிரந்தர உறுத்துக் கட்டளை, அதாவது எதிர்த் தரப்பு தலையிடக் கூடாது என்ற தடை. ‘நிலத்தை சர்வேயர் வைத்து அளந்தீர்களா?’ என்று கேட்டு, வாதி ‘இல்லை’ என்றால், பதிவாவது இப்படி: ‘தாவா சொத்தை நான் சர்வேயர் மூலம் அளக்கவில்லை என்றால் சரிதான்.’ அடுத்து ‘பிரதிவாதி நிலத்தை அபகரிக்கவே பொய் வழக்குப் போட்டிருக்கிறீர்கள்’ என்று வக்கீல் சொல்ல, வாதி மறுத்தால்: ‘பொய் வழக்குப் போட்டிருக்கிறேன் என்று சொன்னால் சரியல்ல.’

இந்த இரண்டு வால்களையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி விசாரணை புரிந்துவிடும். ‘என்றால் சரிதான்’ என்று முடியும் வரியில் ஒப்புதல் உட்கார்ந்திருக்கிறது, வாதத்தின்போது எதிர்த் தரப்பு அதைத்தான் வாசித்துக் காட்டும். ‘சரியல்ல’ என்று முடிவது வெறும் மறுப்பு. வக்கீல் சொன்னார் என்பதற்காக அது சாட்சியமாகிவிடாது. குறிப்பேட்டில் ‘சரிதான்’ வரிகளை மட்டும் தனியே எடுத்தெழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘இது எந்த எழுவினாவுக்கு?’ என்று ஒரு வரி போடுங்கள். மேலே சொன்ன மாதிரியில் அளக்கவில்லை என்ற ஒப்புதல், சொத்தின் அடையாளம் நிரூபிக்கப்படவில்லை என்ற வாதத்துக்குப் போகும். வாதி தரப்பு அதைச் சரிக்கட்ட கட்டளை 26, விதி 9-இல் நிலத்தை நேரில் பார்த்து அறிக்கை தர ஆணையர் நியமிக்கக் கேட்கலாம். உரிமையே தகராறில் இருக்கும்போது விளம்புகை (உரிமை தனக்கே என்ற அறிவிப்பு) கேட்காமல் வெறும் உறுத்துக் கட்டளை மட்டும் கேட்டது சரியா என்பது அடுத்த கேள்வி. அதற்கு அனதுல சுதாகர் வழக்கின் 2008 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஒரு ‘இல்லை’யிலிருந்து இத்தனை தூரம் எழுதியிருந்தால் வாய்மொழித் தேர்வில் யாரும் உங்களை மடக்க முடியாது.

கிரிமினல் வழக்கில் முதலில் பார்க்க வேண்டியது சம்பவத் தேதி. 2024 ஜூலை 1-க்கு முந்தைய குற்றம் என்றால் இந்திய தண்டனைச் சட்டம், அதற்குப் பிறகென்றால் பாரதிய நியாய சன்ஹிதா. அன்றைய தேதியில் நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய நடைமுறைச் சட்டப்படியே தொடரும். ஒரே நாளில் ஒரே நீதிமன்றத்தில் இரண்டும் ஓடுவதைப் பார்ப்பீர்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதி கேட்பதை வக்கீல்கள் இன்னும் ‘313 கேள்வி’ என்றுதான் சொல்வார்கள், புதிய நடைமுறைச் சட்டத்தில் அது 351. மோசடி 420 இப்போது 318(4), முன்பிணை 438 இப்போது 482. பழைய 482, அதாவது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், 528 ஆகிவிட்டது. இந்த 482 குழப்பத்தில் தேர்வுத் தாளில் வழுக்கியவர்கள் நிறைய. போக்சோ வழக்கு மூடிய அறையில் நடக்கும், அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கட்சிக்காரர் பேசும் அமர்வை எழுதும்போது பெயர், ஊர், சர்வே எண் எதுவும் வேண்டாம். வழக்கறிஞரிடம் சொன்னதைக் காக்கும் கடமை, பாரதிய சாட்சிய அதிநியமம் 132-இன்படி அவருடைய குமாஸ்தாக்கள், ஊழியர்களுக்கும் உண்டு. பயிற்சி மாணவி அதற்கு வெளியே என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மாதிரி நீதிமன்றத்துக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் தலைப்புத் தேடி இணையத்தில் அலைபவர்களைப் பார்த்தால், கூடலூர்க்காரருக்கு அந்தத் தேவையே இல்லை என்று சொல்லத் தோன்றும். ‘காடு’ என்றால் அகராதிப் பொருளில் காடுதான், பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12-இல் சொன்ன கோதவர்மன் வழக்கு, கூடலூர்ப் பகுதி மரவெட்டிலிருந்து கிளம்பியது. 1969-ஆம் ஆண்டு கூடலூர் ஜென்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டத்தின் குத்தகைத் தோட்ட நிலங்கள் பற்றிய 17-ஆம் பிரிவு உங்கள் ஊர் டீக்கடைப் பேச்சு. சீகூர் யானை வழித்தடம் பற்றிய 2020 அக்டோபர் 14 தீர்ப்பு இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தில் கிராம சபையின் பங்கு இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் சட்டம் எழுதுபவர் மட்டும் கவனம்: 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, 1951 சட்டத்தை மட்டும் வைத்து எழுதினால் பழைய கட்டுரையாகிவிடும்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்ட மாணவர்கள் துணை சட்டத் தன்னார்வலராகச் சேரலாம், வழக்கறிஞராகப் பதிவு செய்யும் வரை. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் குடியிருப்புகளில் இதற்கு உண்மையான வேலை இருக்கிறது. 1987 சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச உதவி உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. உதவி எண் 15100.

ஆங்கிலம் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். இலக்கணப் புத்தகம் வாங்க வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் இணையவழித் தீர்ப்புத் தொகுப்பில் பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இலவசமாகக் கிடைக்கிறது. வாரத்துக்கு ஒரு தீர்ப்பு, அதில் சம்பவப் பகுதி மட்டும். தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் 120 சொல்லுக்குள் நீங்களே எழுதி, பிறகு மூலத்தோடு ஒப்பிடுங்கள். மொழிபெயர்ப்பு சில இடங்களில் கரடுமுரடாக இருக்கும். அதைத் திருத்திப் பார்ப்பதும் பயிற்சிதான். கீழ் நீதிமன்றத்தில் தமிழ் வழக்குரையைத் தங்குதடையின்றி எழுதத் தெரிந்த ஜூனியருக்குத் தட்டுப்பாடு இருக்கிறது. தமிழ்வழியில் வந்தது அங்கே உங்கள் கைமுதல்.

வருகைப் பதிவையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் ஒரு பாடத்தில் 65 வரை விடுவார்கள், ஆனால் மொத்தத்தில் 70 குறையக் கூடாது.

முடித்த பிறகு வழக்கறிஞராகப் பதிவு. 2024 ஜூலை 30 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பதிவுக் கட்டணம் 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. முத்திரைத் தீர்வை தனி. அதற்கு மேல் வேறு பெயரில் கேட்டால் ரசீதும் விதியும் கேளுங்கள். அகில இந்திய பார் தேர்வு 100 கேள்வி, தவறுக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. தேர்ச்சிக்குப் பொதுப் பிரிவுக்கு 45, பட்டியல் பிரிவினருக்கு 40. அரசியலமைப்பு, சிவில் நடைமுறை, மூன்று குற்றவியல் சட்டங்கள் சேர்ந்தாலே 46 கேள்வி. அதோடு குடும்பச் சட்டம் 8, ஒப்பந்தம் சார்ந்தவை 8. இந்த 62-ஐ ஒழுங்காகப் படித்தால் மீதியைப் பற்றித் தூக்கம் கெட வேண்டாம். குறிப்பு எழுதாத சட்டப் புத்தகம் கொண்டுபோகலாம், ஆனால் அதில் தேடத் தெரிய வேண்டும்.

நீதிபதித் தேர்வு மனதில் இருந்தால், 2025 மே 20 தீர்ப்பு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவத்தைத் திரும்பக் கொண்டுவந்ததைக் கணக்கில் எடுங்கள். அனுபவம் தற்காலிகப் பதிவு நாளிலிருந்து எண்ணப்படும், அதனால் பட்டம் கிடைத்ததும் பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். அரசு உதவி வழக்கு நடத்துநர் வேலைக்குக் குற்றவியல் நீதிமன்றத்தில் ஐந்தாண்டு வேண்டும். இரண்டுக்கும் நடுவே வயிற்றுப்பாட்டுக்கு என்ன? ஜூனியருக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 தர வேண்டும் என்று 2024-இல் உயர் நீதிமன்ற உத்தரவை ஒட்டித் தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. எல்லா அலுவலகமும் தருகிறது என்று நம்பிப் போகாதீர்கள். சேரும் முன்பே தொகையை வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதைப் படிக்கும் கொடைக்கானல்காரர்களுக்கு ஒன்று: உங்கள் திண்டுக்கல் மாவட்டம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையின் கீழ் வருகிறது, நீலகிரி சென்னையின் கீழ். மேல்முறையீட்டுப் பயிற்சிக்கு நீங்கள் மதுரைக்கு இறங்கினால் போதும்.