சமாரியரோடு இரண்டு நாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

வேறு சபைக்குப் போகும் பக்கத்து வீட்டார் புதுவீட்டு ஜெபத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ‘அவர்கள் உபதேசம் வேறு, போகக் கூடாது’ என்கிறார் எங்கள் ஜெபக்குழுவில் ஒருவர். இன்னொருவரோ நல்ல சமாரியன் கதையைச் சொல்லி, ‘உபதேசமெல்லாம் எதற்கு, அன்பு போதும்’ என்கிறார். சமாரியரைப் பற்றி வேதம் என்னதான் சொல்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

எரிகோவுக்குப் போகும் வழியில் கள்ளரிடம் அடிபட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெய் வார்த்துக் காயம் கட்டி, தன் வாகன மிருகத்தில் ஏற்றிக் காப்பாற்றிய சமாரியனைப் பற்றி லூக்கா 10-இல் இயேசு சொன்ன உவமை அது. அதற்கு முந்தின அதிகாரத்தை, லூக்கா 9-ஐ, முதலில் வாசியுங்கள். எருசலேமுக்குப் போகிறவர் என்பதாலேயே ஒரு சமாரியக் கிராமம் இயேசுவை ஏற்க மறுக்கிறது. வானத்திலிருந்து அக்கினியை இறக்கி இவர்களை அழிக்கலாமா என்று கேட்கிறார்கள் யாக்கோபும் யோவானும். இயேசு அவர்களைத்தான் அதட்டுகிறார். தன்னைச் சேர்த்துக்கொள்ளாத அந்த ஜனத்திலிருந்தே அடுத்த அதிகாரத்தில் உவமைக்கு ஆள் எடுக்கிறார். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கலங்கும்.

யூதருக்கும் சமாரியருக்கும் இடையிலான பகை பழையது. கி.மு. 722 வாக்கில் வடக்கு இஸ்ரவேலின் தலைநகரான சமாரியா அசீரியரிடம் விழுந்தது. பாபிலோன், கூத்தா முதலிய ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்கள் கர்த்தருக்கும் பயந்தார்கள், தங்கள் தேவர்களையும் சேவித்தார்கள் என்கிறது 2 இராஜாக்கள் 17. யூதர்கள் சமாரியரை அந்தக் கண்ணோடுதான் பார்த்தார்கள். சமாரியரோ தங்களை யோசேப்பின் வழிவந்த இஸ்ரவேலர் என்றே சொன்னார்கள். இன்றும் நாப்லுஸ் பக்கத்தில் கெரிசீம் மலையில் பஸ்கா ஆட்டைப் பலியிடும் சில நூறு பேர் அதையே சொல்கிறார்கள். அந்த மலையில் இருந்த அவர்களுடைய ஆலயத்தை கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழித்தவர் யூத ஆட்சியாளர் யோவான் ஹிர்கானஸ். காயம் இரண்டு பக்கமும் உண்டு.

அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று இருக்கிறது: 2 நாளாகமம் 28. அசீரியர் வருவதற்கு முன்பு, வடக்கு இஸ்ரவேலர் யூதாவின் ஆட்களைச் சிறைபிடித்து சமாரியாவுக்குக் கொண்டுபோகிறார்கள். ஓதேத் என்ற தீர்க்கதரிசி எதிரே வந்து கண்டிக்கிறார். அப்புறம் அங்கே நடப்பதைப் பாருங்கள். உடுத்த உடையும், காலுக்குச் செருப்பும், சாப்பாடும் தண்ணீரும் கொடுத்து, எண்ணெய் பூசி, நடக்க முடியாதவர்களைக் கழுதைமேல் ஏற்றி, எரிகோ வரைக்கும் கொண்டுவந்து விடுகிறார்கள். எண்ணெய், வாகன மிருகம், எரிகோ. நல்ல சமாரியன் உவமையை இயேசு சொன்னது, தன்னிடம் கேள்வி கேட்ட ஒரு நியாயசாஸ்திரிக்கு. வேதம் அறிந்த அவருக்கு இது ஞாபகம் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

சரி, உபதேசம் வேண்டாமா? யோவான் 4-இல், சமாரியாவின் சீகார் ஊர்க் கிணற்றடியில் சந்தித்த சமாரியப் பெண்ணிடம் இயேசு பூசி மெழுகவில்லை. நீங்கள் அறியாததைத் தொழுதுகொள்ளுகிறீர்கள், இரட்சிப்பு யூதர்கள் வழியாய் வருகிறது என்று நேராகவே சொன்னார். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்பே அவள் கையால் தண்ணீர் கேட்டிருந்தார். அந்த ஊரார் வேண்டிக்கொண்டபோது இரண்டு நாள் அங்கேயே தங்கவும் செய்தார். தங்கின வீட்டில் சாப்பிடாமலா இருந்திருப்பார்?

உங்கள் குழுவில் இரண்டு பேருமே பாதியைத்தான் பிடித்திருக்கிறார்கள். ஞானஸ்நானத்தைப் பற்றியோ வேறெதைப் பற்றியோ உங்களுக்கு வேறு கருத்து இருந்தால், அவர்கள் கேட்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் கூப்பிட்டிருக்கிறார்கள், குடும்பத்தோடு போய்விட்டு வாருங்கள். சாப்பிடாமல் மட்டும் திரும்பிவிடாதீர்கள்.

அன்புடன்,
அண்ணன்