மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் விதைக்கும் கருவி: 12 ஏக்கருக்கு வாங்கலாமா?

கேள்வி: "12 ஏக்கர் மானாவாரி மக்காச்சோளம், 45 எச்பி டிராக்டர். வெளிநாட்டில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் விதைக்கிறார்களாமே, அந்த மாதிரிக் கருவி எது வாங்கலாம்?"

எந்த ஊர் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் 12 ஏக்கர் என்றால் ஒரே துண்டாக இருக்காது, நாலைந்து இடத்தில் சிதறிக் கிடக்கும், ஒன்றிரண்டு கோணல்மாணலாக இருக்கும் என்று நானே வைத்துக்கொள்கிறேன். என் கதையும் ஏறக்குறைய அதுதான். பெரம்பலூர் மாவட்டம், குன்னம் பக்கம். கரிசல் காடு. புரட்டாசி மழையை நம்பி விதைப்பு.

முதலில் அந்த 15 கிலோமீட்டர். அது பொய்யில்லை. ஜான் டீர் என்ற அமெரிக்க டிராக்டர் கம்பெனி 2014-இல் கொண்டுவந்த எக்ஸாக்ட்எமெர்ஜ் பிளான்டர் மணிக்கு 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர் வேகத்தில் விதைக்கும் என்றுதான் விற்கப்பட்டது. அதன் சூட்சுமம் இதுதான். ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிப்பவன் குதித்த இடத்திலேயே நிற்க மாட்டான், நாலு எட்டு ஓடித்தான் நிற்பான். விதையும் அப்படித்தான். குழாய் வழியாக விழும் விதை டிராக்டரின் வேகத்தோடு போய் சாலில் விழுந்து, துள்ளி, உருண்டு, எங்கோ போய்ப் படுக்கும். அந்த உயர்ரக பிளான்டரில் குழாய்க்குப் பதில் தூரிகை வைத்த பெல்ட் ஒன்று விதையைப் பிடித்து மண் வரைக்கும் கொண்டுபோய், டிராக்டர் போகும் வேகத்துக்கு எதிர்த்திசையில் பின்னால் விடும். ரெண்டு வேகமும் கழிந்துவிடுவதால் விதை விழுந்த இடத்திலேயே கிடக்கும். மைல் கணக்கில் நீளும் காட்டுக்குச் செய்த சாமான் அது. நம் 45 எச்பி அதை இழுக்காது.

நமக்குக் கிடைப்பது ரெண்டு வகை. ஒன்று சாய்தட்டு வைத்த சாதா பிளான்டர். தட்டின் ஓரக் குழியில் விதை உட்கார்ந்து, மேலே போய், குழாயில் விழும். தட்டைச் சுற்றுவது தரையில் உருளும் சக்கரமும் ஒரு செயினும். இன்னொன்று நியூமேட்டிக். பிடிஓ-வில், அதாவது டிராக்டரின் பின்னால் சுற்றும் தண்டில், ஓடும் விசிறி காற்றை உறிஞ்ச, தட்டின் துளைக்கு ஒரு விதை ஒட்டிக்கொண்டு வரும். விலை வித்தியாசத்தைக் கேட்டால் மயக்கம் வரும்.

நான் வாங்கியது முதல் வகை, நாலு வரிசை. வாங்கிய முதல் வருஷம் நடந்ததைச் சொல்கிறேன்.

ராத்திரி நல்ல மழை. ஒரு நாள் விட்டு மண் பதத்துக்கு வந்தது. காலையில் ஆரம்பித்து ரெண்டாவது கியரில் பொறுமையாகத்தான் ஓட்டினேன். மதியம் மேற்கே கருக்கல் கட்டியது. இன்னும் ஆறு ஏக்கர் பாக்கி. மறுபடி மழை பிடித்தால் கரிசலில் ஒரு வாரம் கால் வைக்க முடியாது. கியரை ஏற்றினேன். மணிக்கு எட்டு கிலோமீட்டராவது போயிருப்பேன். திரும்பிப் பார்த்தால் சால் நேராக விழுந்திருக்கிறது, மண் மூடியிருக்கிறது, எல்லாம் அழகு. சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டு வீட்டில் பெருமை வேறு அடித்தேன்.

ஏழாம் நாள் அம்மா காட்டுக்குப் போய்விட்டு வந்தார்.

"ஏன்டா, கிழக்கால காடு நல்லாத்தான் இருக்கு. மேக்கால ஏன் பொக்கை வாயாட்டம் இருக்கு?"

போய்ப் பார்த்தேன். பத்து மீட்டர் கயிறு பிடித்து எண்ணினோம். 25 சென்டிமீட்டருக்கு ஒன்று என்றால் 40 செடி நிற்க வேண்டும். மெதுவாக ஓட்டிய பக்கம் 36. வேகமாக ஓட்டிய பக்கம் 28, அதிலும் மூன்று இடத்தில் இரட்டை. ஒரு இடத்தில் முக்கால் மீட்டர் வெறும் மண்.

கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. மணிக்கு நாலு கிலோமீட்டரில் போனால் ஒவ்வொரு தட்டும் வினாடிக்கு நாலரை விதை கொடுத்தால் போதும். எட்டில் போனால் வினாடிக்கு ஒன்பது. அந்தக் குழியில் விதை உட்காரவே நேரமில்லை. போதாததற்கு முந்தின போகத்துப் பருத்திமார் கொழுவில் சிக்கி மண்ணை இழுத்திருக்கிறது, சக்கரமும் கட்டி மேல் ஏறும்போதெல்லாம் சுற்றாமல் வழுக்கியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு "ஓட்டத் தெரியாதவன் கருவியைக் குறை சொல்கிறான்" என்று ஒருவர் வருவார். ஆமாம் சார், தப்பு என்னுடையதுதான், அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். "பக்கத்துச் செடி பெரிய கதிர் வைத்து ஈடுகட்டும்" என்று இன்னொருவர் வருவார். கொஞ்சம் கட்டும், முழுக்கக் கட்டாது. வரிசைக்கு வரிசை 60, செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 27,000 செடி. பத்தில் ஒன்று போனால் 2,700 கதிர். கதிருக்கு நூறு கிராம் என்றே வையுங்கள், 270 கிலோ. முளைக்காத இடத்தில் மறுவிதை ஊன்றும் பாடுவாசியும் போட்டுப் பார்த்தோம். அம்மாவும் இன்னும் ரெண்டு பேரும் களைக்கொத்தோடு குனிந்து குனிந்து விதை ஊன்றினார்கள். முளைத்தது. ஆனால் பத்து நாள் பிந்திய பயிர், முந்தியதன் நிழலில் வெளிறிக் கிடந்து பாதிக்கு மேல் கதிரே வைக்கவில்லை. மாட்டுக்கு ஆனது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேகத்தால் உங்களுக்கு மிச்சம் எவ்வளவு? நாலு வரிசைக் கருவிக்கு அகலம் 2.4 மீட்டர். நூறு மீட்டர் நீளம், நாற்பது மீட்டர் அகலத்தில் ஒரு ஏக்கர் இருந்தால் 17 நடை. மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் ஒரு நடைக்கு 72 வினாடி, வரப்போரம் தூக்கித் திருப்பி இறக்க அரை நிமிஷம். மொத்தம் 29 நிமிஷம். பத்து கிலோமீட்டரில் நடைக்கு 36 வினாடி, ஆனால் திருப்ப அதே அரை நிமிஷம்தான். மொத்தம் 19 நிமிஷம். ஏக்கருக்குப் பத்து நிமிஷம் மிச்சம். உங்கள் 12 ஏக்கருக்கு வருஷத்தில் ரெண்டு மணி நேரம்! இதற்கா கடன் வாங்குவது? துண்டு சின்னதாக இருந்தால் இன்னும் மோசம், பாதி நேரம் திருப்புவதிலேயே போகும்.

நியூமேட்டிக் வேண்டாம் என்று சொல்லவில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐந்து ஏக்கர் ஒரே துண்டுக்கு வாடகைக்குக் கூப்பிட்டேன். ஏழு கிலோமீட்டரில் ஓட்டினார்கள். முளைத்ததும் எண்ணினேன், பத்து மீட்டரில் 38. வாயடைத்துப் போனேன். ஆனால் விசிறி வேகம் குறையாமல் இருக்க ஆக்சிலரேட்டரை ஒரே நிலையில் பிடித்து ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். கருவியும் கனம். 45 எச்பியில் தூக்கினால் முன்சக்கரம் லேசாகும், முன்னால் வெயிட் போட வேண்டிவரும். என்னைக் கேட்டால் அதை வாடகைக்கு எடுங்கள், சாதா பிளான்டரை வாங்குங்கள், ஐந்துக்கு மேல் ஓட்டாதீர்கள். மானியத்தில் வாங்கினால் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40. உச்சவரம்பு உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள், தட்டைப் பாருங்கள். விதைப் பையில் ஒரு வருஷம் தட்டையான விதை வரும், இன்னொரு வருஷம் உருண்டை வரும். எனக்கு விற்றவர் ஒரே ஒரு செட் தட்டு கொடுத்தார். உருண்டை விதை வந்த வருஷம் வேறு தட்டு கேட்டுப் போனேன். "ஆர்டர் போட்டிருக்கோம்ணே" என்றார். தட்டு வந்து சேர்ந்தபோது நான் ரெண்டாம் களை எடுத்து முடித்திருந்தேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். மயில். கையால் விதைத்த காலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தின்றது. இப்போது இயந்திரம் கோடு போட்டாற்போல் விதைக்கிறது, மயிலும் அதே கோட்டில் நடந்து, 25 சென்டிமீட்டருக்கு ஒரு கொத்து கொத்தி, பந்தியில் சாப்பிடுகிற மாதிரி வரிசையை முடித்துவிட்டுப் போகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தொடக்கூடாது, தொடவும் இல்லை. ஆனால் தேசியப் பறவைக்கு விதை வாங்கிப் போடுவது நான் மட்டும்தான். இதற்கு எந்த கம்பெனி பிளான்டரிலும் வழி இல்லை. விதைத்த அன்றிலிருந்து பத்து நாள் விடியற்காலையில் தகர டின்னோடு காட்டில் நிற்கிறேன். நான் சொன்ன அந்த ரெண்டு மணி நேரமெல்லாம் முதல் நாளிலேயே கழிந்துவிடும்.