வைத்த இலக்கைக் கடைசிவரை செய்து முடிப்பது எப்படி?

கேள்வி: "ஒவ்வொரு ஜனவரியிலும் இலக்குகளை எழுதுகிறேன். உடம்பைக் குறைப்பது, சர்க்கரையைக் குறைப்பது, சேமிப்பு, புதிதாக ஒரு படிப்பு, தினமும் கொஞ்சம் தமிழ் வாசிப்பு. சீனப் புத்தாண்டு முடிவதற்குள் எல்லாம் காற்றில் போய்விடுகிறது. அலுவலகத்தில் சொல்லித்தந்த ஸ்மார்ட் முறைப்படிதான் எழுதினேன். எங்கே கோளாறு?"

ஸ்மார்ட் முறையிலிருந்தே தொடங்குகிறேன். இலக்கைத் திட்டவட்டமாக, அளக்கும்படி, கெடு வைத்து எழுதும் அந்த முறை, 1981ல் ஜார்ஜ் டோரன் என்பவர் நிறுவன மேலாளர்களுக்காக எழுதியது. அலுவலக இலக்குக்கு ஒரு வசதி உண்டு. நீங்கள் மறந்தாலும் மேலதிகாரி மறக்கமாட்டார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் "என்ன ஆச்சு?" என்று கேட்பார். ஆண்டிறுதி மதிப்பீடு வேறு இருக்கிறது, போனஸ் வேறு இருக்கிறது. வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டிய இலக்கை யார் கேட்கப்போகிறார்கள்? "மார்ச் 31க்குள் ஐந்து கிலோ" என்று துல்லியமாகத்தான் எழுதியிருப்பீர்கள். ஆனால் வருகிற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு நீங்கள் எங்கே இருக்கவேண்டும் என்பது அதில் இருக்காது.

சிங்கப்பூரில் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியை முடித்த ஆண்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஐபிபிடி உடலுறுதித் தேர்வில் மூன்றே அங்கம்: புஷ்-அப், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம். எண்ணிக்கை உண்டு, நேரம் உண்டு, புள்ளி உண்டு. 61 புள்ளிக்கு 200 வெள்ளி (டாலர்), 75க்கு வெள்ளித் தரமும் 300 வெள்ளியும், 85க்குத் தங்கமும் 500 வெள்ளியும். இதைவிடத் தெளிவான இலக்கை யாராலும் எழுதமுடியாது. அவகாசமும் தாராளம், ஒரு பிறந்தநாளிலிருந்து அடுத்த பிறந்தநாள் வரை. ஆனால் எங்கள் நண்பர் கூட்டத்தில் பாதிப் பேர் பிறந்தநாளுக்கு முந்திய மாதம்தான் காலணியைத் தேடுவார்கள். ஒரு முழு வருஷம் கொடுத்தால் மனுஷன் பதினொரு மாதத்தை ஓய்வு என்றே எடுத்துக்கொள்கிறான்.

அதே கூட்டத்தில் வருஷம் தவறாமல் தங்கம் வாங்குகிற ஒருவர் இருக்கிறார். பெரிய மனஉறுதிக்காரர் என்று சொல்லமாட்டேன், புரோட்டாவைப் பார்த்தால் அவரும் நம்மைப்போலத்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. புதன்கிழமை ஏழு மணிக்குப் பிடோக் நீர்த்தேக்கத்தில் இரண்டு பேர் அவருக்காக நிற்பார்கள். ஒரு சுற்று 4.3 கிலோமீட்டர். வரவில்லையென்றால் தொலைபேசி அடிக்கும். அலுப்பாக இருக்கிறதா, மனம் இருக்கிறதா என்றெல்லாம் அவர் யோசிப்பதற்கே இடமில்லை, முடிவு எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதைத்தான் நெடுங்காலமாக ஆராய்ந்தார். 1997ல் வெளியான ஓர் ஆய்வில், கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு எப்படிக் கழிந்தது என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொன்னார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதப்போகிறோம் என்று முன்கூட்டியே குறித்துவைத்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். ஆசை இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான்.

உங்கள் சர்க்கரை விஷயத்துக்கு இது அப்படியே பொருந்தும். "சர்க்கரையைக் குறைப்பேன்" என்பதை வைத்துக்கொண்டு காப்பிக்கடையில் நின்றால், பின்னால் வரிசை நீள, வாய் பழக்கத்தில் "தே" என்றுதான் சொல்லும். கெட்டிப்பால் போட்ட இனிப்புத் தேநீர் கைக்கு வந்துவிடும். அதற்குப் பதில் "காப்பிக்கடை அங்கிள் என்ன வேணும்னு கேட்டால் தே சி கோசோங்" என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பால் இருக்கும், சர்க்கரை இருக்காது. முதல் வாரம் நாக்கு முரண்டு பிடித்தால் "சியூ தை" என்று சொல்லி இனிப்பைக் குறைத்துக்கொண்டு பிறகு கோசோங்குக்குப் போங்கள். சொல்லவேண்டிய வார்த்தை தயாராக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

உடம்பு குறைப்பதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. ஜனவரி 1ஆம் தேதி ஓடத் தொடங்குகிறோம். ஆனால் டிசம்பரும் ஜனவரியும் வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்கள். நாலாவது நாளே சாயங்காலம் மழை, ஐந்தாவது நாளும் மழை, அப்புறம் பழக்கம் எங்கிருந்து வரும்? "மழை பெய்தால் புளோக்கின் மாடிப்படியில் இருபது நிமிடம்" என்று இரண்டாவது வரியையும் சேர்த்தே எழுதுங்கள். மின்தூக்கி இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் படிக்கட்டு எப்போதும் காலியாகத்தான் கிடக்கும்.

சேமிப்புக்கு இவ்வளவு பேச்சு வேண்டாம். ஓய்வுக்காலத்துக்கான மசே நிதியில் (மத்திய சேம நிதி) போடவேண்டும் என்று யாரும் புத்தாண்டுச் சபதம் எடுப்பதில்லை, ஆனால் 55 வயது வரை மாதாமாதம் சம்பளத்தில் 20 விழுக்காடு போய்க்கொண்டுதான் இருக்கிறது, நம் கைக்கு வருவதற்கு முன்பே. சம்பளம் வந்த மறுநாள் வேறொரு கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கிச் செயலியில் ஒருமுறை அமைத்துவிடுங்கள், அதோடு சரி.

படிப்புக்குப் பணம் தடையில்லை. 25 வயதைத் தொட்ட குடிமக்களுக்கு அரசின் திறன்வளர்ப்புத் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் 500 வெள்ளி தந்தது, 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே மாதம் மேலும் 4,000 வெள்ளி. தடை ஆள் போய் உட்காருவதில்தான். அதனால் "உங்கள் வசதிப்படி எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்" என்ற இணையப் பாடத்தை எடுக்காதீர்கள். வாரத்தில் இன்ன நாள், இன்ன வகுப்பறை, வருகைப் பதிவேடு என்று இருப்பதை எடுங்கள். வசதி குறைவுதான், ஆனால் முடிப்பீர்கள். வாசிப்புக்கு ரயில் பயணத்தைக் கொடுங்கள். ஏறியதும் வாட்ஸ்அப்புக்கு முன் பத்து பக்கம். தேசிய நூலகத்தில் இரவல் வாங்கினால் 21 நாளில் திருப்ப வேண்டும் என்பதும் ஒரு நல்ல நெருக்கடி.

ஒருநாள் விட்டுப்போனால்? இங்கேதான் பலர் மொத்தத்தையும் தூக்கிப் போடுகிறார்கள். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற கதையை நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்தபோது, சிலருக்கு 18 நாளிலேயே பழக்கம் படியும் என்று தெரிந்தது, வேறு சிலருக்கோ 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவாக 66 நாள். இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. தீபாவளிக்கு முறுக்கு சாப்பிட்டுவிட்டு மறுநாள் பழையபடி தொடருங்கள், பிராயச்சித்தமாகப் பட்டினி கிடக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். உங்கள் பட்டியலில் ஐந்து இருக்கிறது, அது அதிகம். முழுநேர வேலை, போகவர இரண்டு மணி நேரம், வீட்டில் பிள்ளைகள் என்று இருப்பவருக்கு வார நாளில் மாலையில் மிஞ்சுவது ஒரு மணி நேரம். சேமிப்புக்கு நேரம் வேண்டாம், தேநீருக்கும் வேண்டாம், வாசிப்பு ரயிலில் போய்விடும். மீதி அந்த ஒரு மணி நேரத்துக்கு ஓட்டமும் படிப்பும் சண்டை போடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் படிப்பை ஜூலைக்குத் தள்ளிவிட்டு, இன்றைக்கே பக்கத்துப் புளோக்கில் ஓடத் தயாரான ஒரு ஆளைப் பிடிப்பேன்.